வீடு பார்க்கப் போனால் ராத்திரியையும் பார்த்துவிட்டு வாருங்கள்: சத்துவாச்சாரியில் நான் பட்ட பத்து மாதம்

2023 மே கடைசி. அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு கட்டில், பீரோ, தையல் மெஷின், எட்டு வயசுப் பையன் என்று எல்லாவற்றையும் ஒரு டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வேலூர் டவுனில் இருக்கிற சத்துவாச்சாரிக்குக் குடி வந்தேன். எங்கள் ஊர் கணியம்பாடி தாண்டி, அமிர்தி போகிற பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போகிற ஊர்கள் எங்கள் பக்கம் உண்டு, அதனால் தனியாகக் குடும்பம் நடத்துவது எனக்குப் புதுசில்லை. மாமா, அத்தை, மாடு, கழனி எல்லாம் ஊரில். பையன் படிப்புக்காக நானும் அவனும் மட்டும் டவுனுக்கு வருவது என்று முடிவானது. நல்ல பள்ளிக்கூடம், வாசலில் பஸ், தையலுக்கு நிறைய கிராக்கி. சந்தோஷமாகத்தான் வந்தேன். அடுத்த பத்து மாதத்தில் என் உடம்பும் மனசும் என்ன பாடு பட்டது என்பதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதனால்தான் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அந்த வீட்டை நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு. இருபது நிமிஷம் பார்த்திருப்பேன். காவிரித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், போர் தண்ணி உப்பா, பாத்ரூம் எப்படி, கரண்டுக்குத் தனி மீட்டரா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று எல்லாம் கேட்டேன். வாடகை 8,500, அட்வான்ஸ் 70,000. ரெண்டாவது மாடி, மேலே வெறும் மொட்டை மாடி. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பெங்களூர் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ரெண்டடி தள்ளிப் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், பூச்சுகூடப் பூசாத செங்கல். காற்று வராதே என்று நினைத்தேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை மூடியிருந்தது. ரோட்டில் வண்டி குறைவு. வீடு அமைதியாக இருக்கிறது என்று அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

முதலில் சூடு. வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்வதில்லை. மலை இருக்கு மரம் இல்ல, ஆறு இருக்கு தண்ணி இல்ல என்று இந்த ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பாலாறு மணலாகக் கிடக்கிறது. பகலில் காய்ந்த பாறையும் தாரும் கான்கிரீட்டும் சாயங்காலத்துக்கு மேல்தான் வாங்கிய சூட்டைக் கக்க ஆரம்பிக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால், இஸ்திரிப் பெட்டியை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்ட மாதிரி இருந்தது. உடம்புக்குள் இருக்கிற சூடு கொஞ்சம் இறங்கினால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும். இதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஃபேன் அனல் காற்றை இறக்குகிறது என்பதுதான். 7,800 ரூபாய்க்கு ஒரு ஏர் கூலர் வாங்கினேன். காற்றோட்டம் இல்லாத அறையில் கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டும், துணியெல்லாம் பிசுபிசுக்கும். வாங்கிய பிறகுதான் இதுவும் புரிந்தது.

அடுத்தது சத்தம். பகலில் வண்டி நெரிசலில் ஊர்ந்து போகும், அது ஒரே இரைச்சலாகப் பழகிவிடும். பதினோரு மணிக்கு மேல் ரோடு காலியாகும், லாரிகள் வேகம் எடுக்கும், அப்போதுதான் ஆரம்பம். மேம்பாலத்தில் ஏறும்போது கியர் மாற்றுகிற உறுமல், இறங்கும்போது ஏர் பிரேக் சீறல், சர்வீஸ் ரோட்டு வேகத்தடையில் காலி டிப்பர் ஏறி இறங்கும்போது வருகிற தடால். வெளியூர் பஸ் ஒன்று தினமும் அதிகாலை 3:40-க்கு ஆள் ஏற்ற நின்று ஏர் ஹாரன் அடிக்கும். நான் 3:30-க்கே விழித்து அதற்காகக் காத்துக்கொண்டிருப்பேன். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக்கூடாது என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. போனில் ஒரு ஆப் போட்டு அளந்தேன். போன் கணக்கு துல்லியம் இல்லைதான், ஆனாலும் லாரி போகும்போதெல்லாம் 70-க்கு மேல் காட்டியது. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்காகக் கேட்கும். கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை. நாம் தூங்கினாலும் அது கேட்டுக்கொண்டேதான் இருக்கும், முழிக்காமலேகூட நெஞ்சுத் துடிப்பு ஏறி இறங்கும். காலையில் எழுந்தால் எட்டு மணி நேரம் படுத்திருந்த கணக்கு இருக்கும், தூங்கிய களை மட்டும் முகத்தில் இருக்காது.

ஜூலையில் படபடப்பு ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருப்பேன், திடீரென்று நெஞ்சு குதிரை மாதிரி ஓடும், உள்ளங்கை வேர்க்கும், ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று தோன்றும். பையன் மேல் எரிந்து விழுந்தேன். ஒரு நாள் பென்சிலைத் தொலைத்ததற்கு அடித்தேன். அதுவரை அவனை நான் கை நீட்டி அடித்ததில்லை. அன்று ராத்திரி அவன் தூங்கின பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவரிடம் சொல்லவில்லை. எல்லையில் நிற்கிறவரிடம் என்ன என்று சொல்வது? லாரி சத்தம் கேட்கிறது, பயமாக இருக்கிறது என்றா? ஊரில் சொன்னால், டவுனுக்குப் போகணும்னு நீதானே சொன்ன என்பார்கள். எல்லாரும் இதே ரோட்டில் குடியிருக்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று நினைத்து நினைத்து என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

ஆகஸ்டில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு பிளவுஸ். அரக்கு நிறம், கையில் மட்டும் ஜரிகை பார்டர். துணி அளவாகத்தான் இருந்தது, ஒரு சாண்கூட உபரி கிடையாது. பதினாறு வருஷமாகத் தைக்கிறேன், வெட்டுகிற வேலையில் என் கை தானாகப் போகும். அன்று பகல் மூணு மணி. மடித்துப் போட்டு, சாக்பீஸால் கழுத்து, தோள், கைக்குழி எல்லாம் வரைந்துவிட்டேன். கத்தரியை வைத்து வெட்டும்போது வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது, நான் நிமிரக்கூட இல்லை. வெட்டி முடித்து விரித்துப் பார்த்தால் முன்பக்கத்துக் கழுத்தின் ஆழத்தைப் பின்பக்கத்தில் வெட்டியிருக்கிறேன், அதுவும் மடிப்பு மாறி, ஒரு பக்கம் தோளே இல்லை. கத்தரியைக் கீழே வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது ஹாரனால் வந்த தப்பு இல்லை. ரெண்டு மாசமாகக் கெட்ட தூக்கம் சேர்ந்து என் கவனத்தைத் தின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா சத்தம் போடவில்லை, முகம் சுண்டிப் போய் நின்றார். அதே நிறத்தில் துணி தேடி அண்ணா சாலை முழுக்க அலைந்து 4,200 ரூபாய் என் கையிலிருந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு பட்டுத் துணியை வாங்கவே பயந்தேன். மாதம் மூவாயிரம் ரூபாய் வருமானம் அப்படியே நின்றது.

செப்டம்பரில் ஆஸ்பத்திரி அலைச்சல். நெஞ்சு படபடத்தால் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. இசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்தது சரிதான். தைராய்டு கூடினாலும் ரத்தம் குறைந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் நான் நம்பாமல் வேறொரு இடத்துக்குப் போய் மறுபடி எக்கோ, மறுபடி ரத்தம், தலைக்கு ஸ்கேன் என்று நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். மொத்தம் 21,600 ரூபாய். ஒவ்வொரு தடவையும் "நார்மல்" என்று வரும்போது நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது. அத்தை ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு இப்படி எளச்சிப் போய்க்கீற, வீட்ல எதனா தோஷம் கீதா" என்று கேட்டு, கழிப்பு, தாயத்து என்று 3,500 செலவானது. அவர் பாசத்தில் செய்தது, குறை சொல்ல மாட்டேன். வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று சரியாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். நாலு நாள். போகி அன்று ராத்திரி எட்டரைக்குத் திண்ணையை ஒட்டிய அறையில் படுத்தவள் காலை ஆறு மணிக்குத்தான் எழுந்தேன். எங்கள் ஊர் ஒன்றும் சத்தமில்லாத ஊர் இல்லை. நாய் குரைக்கும், மயில் அகவும், மும்முனைக் கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடும், பொங்கலுக்கு ஸ்பீக்கர் வேறு. ஆனால் மூணாம் நாள் மாட்டுக்குப் பொங்கல் வைக்கும்போதுதான் கவனித்தேன், மூணு நாளாக என் நெஞ்சு ஒரு தடவைகூடப் படபடக்கவில்லை. மலை அப்படியே எதிரில் நிற்கிறது, வேப்பமரத்தடியில் மாடு அசைபோடுகிறது, பையன் டயரை உருட்டிக்கொண்டு ஓடுகிறான். அவனும் மாறியிருந்தான். டவுன் வீட்டில் டிவி சத்தத்தை 28 வைத்துப் பார்ப்பான், ஊரில் 12. நான் சொல்லாமல் அவனே குறைத்திருந்தான். காணும் பொங்கல் முடிந்து திரும்பினோம். ரெண்டாம் ராத்திரி 3:30-க்கு முழிப்பு. நெஞ்சு ஓட ஆரம்பித்தது. அந்த நிமிஷம் பயத்தோடு சேர்ந்து ஒரு கோபமும் வந்தது. ஆறு மாசமாக என் நெஞ்சுக்குள் தேடிய கோளாறு ஜன்னலுக்கு வெளியே இருந்திருக்கிறது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால், செலவு செய்வதற்கு முன் ஒரு நோட்டில் ரெண்டு வாரம் எழுதிப் பாருங்கள். எங்கே படுத்தேன், எத்தனை மணிக்கு முழித்தேன், படபடப்பு எப்போது வந்தது, அன்றைக்கு எவ்வளவு நேரம் வெளியே மரத்தடியிலோ திறந்த வெளியிலோ இருந்தேன். ஊருக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போகும்போதும் நிறுத்தாமல் எழுதுங்கள். நான் இதை முதல் மாதமே செய்திருந்தால் அந்த ஸ்கேன் காசு மிச்சம்.

பிப்ரவரியில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரி மனநல ஓ.பி.க்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன், அது தேவையில்லாத வெட்கம். டாக்டரம்மா நோட்டைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது, "கட்டில் எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?" என்றுதான். பதட்ட நோய், தூக்கமின்மை ரெண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று புரிய வைத்தார். ஆறு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார், மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், முடிந்தால் வீட்டை மாற்றுங்கள், முடிகிற வரைக்கும் தினமும் கொஞ்ச நேரமாவது மரம், தண்ணி இருக்கிற இடத்தில் இருங்கள் என்றார். ஒரு ரூபாய் செலவில்லை. மரத்தடியில் உட்கார்ந்தால் போதும், மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எனக்கு ரெண்டும் வேண்டியிருந்தது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண் இருக்கிறது. டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, காசில்லை, தமிழிலேயே பேசலாம். அந்த பாத்ரூம் ராத்திரியில் எனக்கு அது தெரியாது.

வீடு உடனே மாற்ற முடியவில்லை. பையனுக்கு ஏப்ரல் வரை பள்ளிக்கூடம். அந்த ரெண்டு மாசம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கட்டிலை ரோட்டுப் பக்கத்து அறையிலிருந்து ஹாலின் உள்பக்கச் சுவருக்கு மாற்றினேன். இதற்கு ஒரு காசு ஆகவில்லை, பலன் எல்லாவற்றையும்விட அதிகம். அதற்கு முன்பே கனமான திரைச்சீலை, ஜன்னல் இடுக்குக்கு ரப்பர் என்று 3,200 போட்டிருந்தேன். திரைச்சீலை லாரி சத்தத்தை நிறுத்தாது, வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவுதான். இடுக்கு ரப்பர் பரவாயில்லை. மெடிக்கலில் கிடைக்கிற காது அடைப்பான் வாங்கினேன். ஆனால் பையன் ராத்திரி கூப்பிட்டால் கேட்காதே என்று முதலில் பயம், அதனால் ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தேன். இதில் ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. அடைப்பான் தலைமாட்டில் இருக்கிறது என்று தெரிந்தாலே, போடாத ராத்திரியிலும் கொஞ்சம் நிம்மதி வந்தது. பின்னால் தேடிப் படித்தபோது காரணம் கிடைத்தது. 1970-ஐ ஒட்டிய வருஷங்களில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஆட்களை இரைச்சலில் உட்காரவைத்து வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு பிரிவிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, தாங்க முடியாவிட்டால் அமுக்குங்கள், சத்தம் நிற்கும் என்றார்களாம். அமுக்காமல் இருந்தவர்களுக்குக்கூட, பொத்தான் இருந்ததாலேயே, பிறகு கொடுத்த வேலையில் தப்பு குறைந்திருக்கிறது. எப்போது வரும் என்று தெரியாத, நம்மால் நிறுத்த முடியாத சத்தம்தான் மனசை அதிகம் அரிக்கிறது. ஊர் நாயும் மோட்டாரும் என்னை ஏன் எழுப்பவில்லை என்பதற்கு எனக்கு அங்கேதான் விடை கிடைத்தது. எந்த நாய், யார் வீட்டு மோட்டார் என்று எனக்குத் தெரியும்.

பகலில் பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறிக் கோட்டைக்குப் போவேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, கோட்டைக்குள் போகவும் காசு கிடையாது. ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அகழியைப் பார்க்கிற மாதிரி ஒரு மரத்தடியில் உட்காருவேன். முதல் நாள் பத்து நிமிஷம்கூட இருப்புக் கொள்ளவில்லை, போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். மூணாம் நாள் போனைப் பையில் போட்டு ஜிப்பை மூடினேன். தண்ணியில் வெயில் பட்டு நெளிகிறது, அகழிச் சுவரின் இடுக்கில் முளைத்த செடி காற்றுக்கு ஆடுகிறது, தண்ணி ஓரத்தில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நிற்கிறது. இதையெல்லாம் பார்க்க முயற்சியே தேவையில்லை, கண் தானாகப் போகிறது, தானாகத் திரும்புகிறது. ரோட்டில் நடந்தால் அப்படி இல்லை, ஒவ்வொரு நொடியும் பைக் வருகிறதா, பள்ளம் இருக்கிறதா என்று மனசு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டே இருக்கும். என் பக்கத்தில் தினமும் ஒரு பெரியம்மா வந்து உட்காருவார். வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர், கழுத்தில் கட்டு. வேலூரில் இவர்களைப் பார்க்காத தெரு கிடையாது, நாலு பேர் ஒரு லாட்ஜ் அறையில் மாசக்கணக்கில் கிடப்பார்கள். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. ஒரு நாள் முறுக்கு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அரை மணி நேரம் ரெண்டு பேரும் தண்ணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று எழுத வரவில்லை.

அந்தப் பெரியம்மாவை நினைத்துக்கொண்டுதான் ரோஜர் உல்ரிக் என்பவரின் ஆராய்ச்சியைப் படித்தேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்கள் 46 பேரின் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டிருக்கிறார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டிருக்கிறது. 1984-ல் வெளிவந்த ஆய்வு. செங்கல் சுவர் என்று படித்ததும் என் சமையலறை ஜன்னல்தான் கண் முன் வந்தது. தினமும் நாலு மணி நேரம் நின்று சமைத்த இடம் அது. ஒரு தொட்டியில் துளசியும் பழைய பக்கெட்டில் புதினாவும் வைத்துப் பார்த்தேன், வெயில் வராமல் ரெண்டும் வெளிறிப் போயின. மணி பிளான்ட் மட்டும் பிழைத்தது. கண்ணுக்கு அது ஒன்றாவது இருந்தது. எவ்வளவு நேரம் வெளியே இருந்தால் போதும் என்று கேட்பவர்களுக்கு, இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டு 2019-ல் வந்த ஒரு ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிஷமாவது பசுமையான இடத்தில் இருப்பவர்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாக அதிகம் சொல்லியிருக்கிறார்கள். ஒரே நாளில் இருந்தாலும் பிரித்துப் பிரித்து இருந்தாலும் வித்தியாசம் இல்லையாம். நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்கள் என்றும் இருக்கலாம், ஆனால் எனக்கு அந்தக் கணக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. வாரத்துக்கு அஞ்சு நாள், நாளைக்கு அரை மணி.

ஏப்ரலில் காலி செய்தேன். அங்கேதான் கடைசி அடி. பதினோரு மாச அக்ரிமென்ட், நான் பத்து மாசம் முடிந்த கையோடு கிளம்புகிறேன். முடிவதற்கு முன் போனால் ரெண்டு மாச வாடகை பிடிப்பு என்று அதில் இருந்ததை நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 17,000 போனது. பெயிண்ட் அடிக்க 7,000. கையில் வந்தது 46,000. தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். கையெழுத்துப் போடும் முன், பாதியில் கிளம்பினால் என்ன பிடிப்பார்கள், பெயிண்ட் யார் செலவு என்ற ரெண்டு வரியை மட்டுமாவது தேடிப் படித்துவிடுங்கள். புது வீட்டுக்கு புரோக்கர் கமிஷன் 9,000, சாமான் ஏற்றி இறக்க 4,500. எல்லாம் சேர்த்து இந்த ஒரு வீட்டால் 77,800 ரூபாய். தையலில் விட்டது தனி.

இந்தத் தடவை பாகாயம் பக்கம் பார்த்தேன். மூணு வேளையும் போனேன். மதியம் மூணு மணிக்குப் போய் எந்தச் சுவரில் வெயில் அடிக்கிறது என்று பார்த்தேன். சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு என் தம்பியின் பைக்கில் போய் வாசலில் இருபது நிமிஷம் நின்றேன். தெருக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும். கீழ் வீட்டு அக்காவிடம், கல்யாண மண்டபம் பக்கத்தில் இருக்கா, ஜெனரேட்டர் எங்கே வைப்பார்கள், தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன். ஓனரைவிட வாடகைக்கு இருக்கிறவர்கள் உண்மை சொல்வார்கள். மேம்பால ஏற்றம், சிக்னல், வேகத்தடை இந்த மூணுக்கும் பக்கத்தில் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன், வண்டி ஒரே வேகத்தில் போகிற இடத்தைவிட நின்று கிளம்புகிற இடத்தில்தான் சத்தம் அதிகம். அப்புறம், படுத்துப் பார்த்தேன். சும்மா சொல்லவில்லை, கட்டில் போடப் போகிற இடத்தில் தரையில் படுத்து ஜன்னல் வழியே என்ன தெரிகிறது என்று பார்த்தேன். ஒரு புங்கமரத்தின் பாதி தெரிந்தது. வாடகை 500 ரூபாய் கூட, பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பஸ் மாற வேண்டும், பையன் காலையில் அரை மணி நேரம் முன்னாடி எழுகிறான். இதெல்லாம் தெரிந்துதான் எடுத்தேன்.

இங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் ஒரு தடவை பழைய படபடப்பு எட்டிப் பார்த்தது. தண்ணி சத்துவாச்சாரி அளவுக்குத் தாராளம் இல்லை. பழைய வீட்டுக் கீழ்த்தளத்தில் பேச்சுத் துணைக்கு இருந்தவர்கள் இங்கே இல்லை, முதல் ரெண்டு மாசம் அந்தத் தனிமை வலித்தது, மரம் அதற்கு மருந்தாகாது. ஆனால் ராத்திரி தூங்குகிறேன். பட்டு பிளவுஸ் மறுபடி வாங்குகிறேன். டிவி 15-ல் ஓடுகிறது.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பழைய வீட்டைக் காலி செய்த அன்று, சாமான் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வீடு பார்க்க வந்தாள். இருபத்தஞ்சு வயசு இருக்கும், இடுப்பில் கைக்குழந்தை, வீட்டுக்காரர் துபாயில் என்றாள். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான், காலை பத்து மணி, ரோடு காலி. "நல்லா அமைதியா இருக்குல்லக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். ஓனர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், என் அட்வான்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. நான் தலையை ஆட்டிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.